தஞ்சோங் மாலிமில் 75 ஆண்டுகள்: ஒரு பயிற்சிக் கல்லூரி பல்கலைக்கழகமான வரலாறு

கோலாலம்பூரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில், சிலாங்கூர் முடிந்து பேராக் தொடங்கும் எல்லையில், பெர்னாம் ஆற்றை ஒட்டி அமைந்திருக்கும் சிறிய ஊர் தஞ்சோங் மாலிம். இந்த ஊரில் 1922 நவம்பர் 29 அன்று மலாய்ப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை உருவாக்குவதற்காகத் திறக்கப்பட்ட சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி, 1997 மே 1 முதல் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாக இயங்கி வருகிறது. சுருக்கமாக ‘உப்சி’ என்று நாம் அழைக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றைப் பேசுவோர் பலரும் 1997ஆம் ஆண்டின் அரசாணையையே திருப்புமுனையாகக் குறிப்பிடுகிறார்கள். அரசாணை முக்கியமானதுதான், அது இல்லாமல் பட்டம் வழங்க முடியாது. ஆனால் ஒரு பயிற்சிக் கல்லூரி பல்கலைக்கழகமாக வளரும் தகுதியை எப்போது பெற்றது என்று கேட்டால், என் விடை வேறு. அந்தத் தகுதி 1924ஆம் ஆண்டிலேயே, கல்லூரி வளாகத்துக்குள் நூல் எழுதும் அலுவலகம் ஒன்று வந்து சேர்ந்தபோதே தொடங்கிவிட்டது என்பது என் உறுதியான எண்ணம். தமிழ்ப்பள்ளியில் படித்து, தமிழ்ப்பள்ளியிலேயே கற்பித்தவன் என்ற முறையில், இந்த வரலாறு நம் சமூகத்தாலும் கவனித்துப் படிக்கப்பட வேண்டியது என்று கருதுவதால் இதனை எழுதுகிறேன்.

தஞ்சோங் மாலிமுக்கு முன்பே மலாய் ஆசிரியர்களுக்கான பயிற்சி இந்த மண்ணில் நடந்துகொண்டிருந்தது. 1878இல் சிங்கப்பூரின் தெலோக் பிளாங்காவில் தொடங்கப்பட்ட கல்லூரி 1895இல் மூடப்பட்டது. பின்னர் 1900இல் மலாக்காவிலும் 1913இல் பேராக்கின் மாத்தாங்கிலும் சிறிய கல்லூரிகள் எழுந்தன. இடமும் குறைவு, ஆசிரியர்களும் குறைவு, கற்பிக்க ஏற்ற நூல்கள் மிகமிகக் குறைவு. மலாய்ப் பள்ளியில் சில ஆண்டுகள் படித்த இளைஞர்கள் அங்கே சேர்ந்து, ஓரளவு கணக்கும் எழுத்தும் கற்பிக்கும் முறையும் பயின்று, தம் கம்பத்துப் பள்ளிகளுக்கு, அதாவது மலாய்க் கிராமத்துப் பள்ளிகளுக்கு, திரும்பிச் சென்றார்கள்.

1916இல் மலாய்ப் பள்ளிகளுக்குப் பொறுப்பான உதவிக் கல்வி இயக்குநராக ஆர். ஓ. வின்ஸ்டட் நியமிக்கப்பட்டார். மலாய் மொழியிலும் இலக்கியத்திலும் ஆழ்ந்த புலமை கொண்ட இந்த ஆங்கில அதிகாரி, சாவாவுக்கும் பிலிப்பீன்ஸுக்கும் சென்று அங்குள்ள தாய்மொழிக் கல்வியை ஆராய்ந்து, 1917இல் தம் அறிக்கையை அளித்தார். சிதறிக் கிடக்கும் சிறு கல்லூரிகளை மூடிவிட்டு, தீபகற்பம் முழுமைக்கும் பொதுவான ஒரு பெரிய கல்லூரியை நிறுவ வேண்டும் என்ற திட்டம் அவருடையதே. 1887 முதல் 1916 வரை பேராக்கை ஆண்ட சுல்தான் இட்ரிஸ் முர்ஷிடுல் அஸாம் ஷாவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. மலாக்கா, மாத்தாங் கல்லூரிகள் இரண்டும் அதனுள் அடங்கின.

இந்தத் தோற்றத்தின் பின்னால் இருந்த நோக்கத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். மலாய் மக்களின் தாய்மொழிக் கல்வி எதற்காக என்பதைக் குடியேற்ற அரசு வெளிப்படையாகவே எழுதி வைத்திருந்தது. கூட்டு மலாய் மாநிலங்களின் 1920ஆம் ஆண்டு அறிக்கையில் தலைமைச் செயலாளர் ஜார்ஜ் மேக்ஸ்வெல், மீனவரின் மகனையும் உழவரின் மகனையும் அவர்தம் தந்தையரைவிடச் சற்றுக் கூடுதல் அறிவுள்ள மீனவராகவும் உழவராகவும் ஆக்குவதே அரசின் குறிக்கோள் என்ற கருத்தைப் பதிவு செய்தார். அரச குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் பிரபுக்களின் பிள்ளைகளுக்கும் 1905 முதலே கோலா கங்சாரில் ஆங்கிலவழிக் கல்லூரி இருந்தது. அங்கே படித்தவர்கள் நிர்வாகப் பணிக்குச் சென்றார்கள். தஞ்சோங் மாலிமுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் கம்பத்துப் பிள்ளைகள். அவர்களுக்கென வின்ஸ்டட் வகுத்த பாடத்திட்டத்தில் தோட்டவேலையும் கூடை பின்னுதலும் கைவினைகளும் பெரும் இடம் பிடித்திருந்தன. அறிவுத்துறைகளில் அவர்கள் எவ்வளவு உயரலாம் என்பதற்குத் தொடக்கத்திலேயே ஒரு கூரை போடப்பட்டிருந்தது.

அந்தக் கூரையை உயர்த்தியவர்களில் முதன்மையானவர் கல்லூரியின் முதல் முதல்வரான ஓ. டி. டுசெக். அதற்கு முன் மலாக்கா கல்லூரியின் பொறுப்பில் இருந்த அவர், 1922 முதல் 1936 வரை தஞ்சோங் மாலிமில் பணியாற்றினார். மூன்றாண்டுப் பயிற்சி, முழுநேர விடுதி வாழ்க்கை, தீபகற்பத்தின் எல்லா மாநிலங்களிலிருந்தும் வந்து சேரும் மாணவர்கள், எல்லாவற்றுக்கும் மலாய் மொழியே ஊடகம் என்பதாகக் கல்லூரி அமைந்தது. பேராக்கிலிருந்தும் பகாங்கிலிருந்தும் ஜோகூரிலிருந்தும் வந்தவர்கள் ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கிப் படித்தபோது, தம் மாநிலச் சுல்தானின் குடிகள் என்பதைத் தாண்டி ஒரே மொழி பேசும் மக்கள் என்ற எண்ணம் அவர்களிடையே வேர்விட்டது. விடுதி வாழ்க்கையின் இந்த ஆற்றலை அதிகாரிகள் முன்கூட்டி எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

டுசெக் செய்த மிகப் பெரிய பணி, மலாய் மொழிபெயர்ப்பு அலுவலகத்தை 1924இல் கல்லூரிக்குள் கொண்டுவந்ததுதான். அதன் தலைமை மொழிபெயர்ப்பாளராகப் பொறுப்பேற்றவர், ‘ஸாபா’ என்ற பெயரால் மலாய் உலகம் முழுவதும் அறியப்பட்ட ஸைனல் அபிடின் அஹ்மாட். 1895இல் நெகிரி செம்பிலானின் பத்து கிக்கிரில் பிறந்த அவர், அக்காலத்தில் மலாய்க்காரர்களில் மிகச் சிலரே எட்டிய சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வில் வென்றவர். கோலா கங்சார் கல்லூரியில் ஆசிரியராகவும் இருந்தவர். தஞ்சோங் மாலிமில் அவர் 1939 வரை இருந்தார். அந்தப் பதினைந்து ஆண்டுகளில் மலாய்ப் பள்ளிகளுக்கான பாடநூல்களும், பொதுமக்கள் வீட்டில் படிப்பதற்கான எளிய கதை நூல்களும் அந்த அலுவலகத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. டச்சு ஆட்சியின் கீழ் இருந்த இந்தோனேசியாவில் அப்போது நூல் வெளியீட்டில் முன்னணியில் இருந்த ‘பாலாய் புஸ்தாக்கா’ என்ற அரசு நிறுவனம் அதற்கு ஒரு முன்மாதிரியாக இருந்தது. மலாய் மொழியின் இலக்கணத்தை முறைப்படுத்தியதும், உரோமன் எழுத்தில் மலாயை எழுதுவதற்கு ஒழுங்கான எழுத்துமுறை ஒன்றை வகுத்ததும் ஸாபாவின் பெயரோடு என்றென்றும் இணைந்தவை.

பயிற்சிக் கல்லூரியின் வழக்கமான வேலை, வேறொருவர் உருவாக்கிய அறிவை எப்படிப் பிள்ளைகளுக்குக் கொண்டுசேர்ப்பது என்று கற்றுக்கொடுப்பது. ஆனால் புவியியலையும் உடல்நலத்தையும் மலாயில் கற்பிக்க வேண்டுமானால், முதலில் அவற்றை மலாயில் எழுத வேண்டும். எழுத வேண்டுமானால் சொற்கள் வேண்டும். சொற்கள் வேண்டுமானால் மொழியின் அமைப்பு தெளிவாக வேண்டும். இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தஞ்சோங் மாலிமிலேயே வார்க்கப்பட்டது. வரலாற்று ஆசிரியரான அப்துல் ஹாடி ஹசான், இந்தோனேசியத் தீவுகளையும் சேர்த்து மலாய் உலகத்தின் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். கல்லூரியின் மாணவராக இருந்து பின்னர் அங்கேயே ஆசிரியரான புயோங் அடில் அந்தப் பணியைத் தொடர்ந்து முடித்தார். மாணவர் ஆசிரியராகி, ஆசிரியர் நூலாசிரியராகி, அந்த நூலை அடுத்த தலைமுறை மாணவர்கள் படித்து அதனை விரிவாக்குவது என்ற இந்தச் சுழற்சியைத்தான் நான் பல்கலைக்கழகத்தின் உள்ளடக்கம் என்கிறேன். செனட்டும் துணைவேந்தரும் பட்டமளிப்பு அங்கியும் அதன் பின்னர் வரக்கூடியவை.

இதன் விளைவு பள்ளிக்கூடங்களோடு நிற்கவில்லை. 1930களின் தொடக்கத்தில் இங்கே படித்து வெளியேறிய இப்ராஹிம் யாக்கோப், தம் கல்லூரித் தோழர்கள் சிலருடனும் பிறருடனும் சேர்ந்து 1938இல் ‘கெசாத்துவான் மெலாயு மூடா’ என்ற இளைஞர் அமைப்பைத் தொடங்கினார். ஆங்கில ஆட்சியை வெளிப்படையாக எதிர்த்த முதல் மலாய் அரசியல் இயக்கங்களுள் அது ஒன்று. அறிவுள்ள உழவனை உருவாக்கத் திட்டமிட்ட கல்லூரியிலிருந்து விடுதலை பேசும் இளைஞர்கள் வந்தார்கள். பிற்காலத்தில் நாட்டின் துணைப் பிரதமரான கஃபார் பாபாவும் தஞ்சோங் மாலிமில் பயின்று ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கியவரே.

ஸாபாவின் பிற்கால வாழ்க்கையும் இங்கே நினைக்கத்தக்கது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவர் இலண்டனில் மலாய் மொழியைக் கற்பித்தார். 1949இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட மலாயாப் பல்கலைக்கழகத்தின் மலாய்த்துறைக்கு 1950களில் தலைமை ஏற்றார். பயிற்சிக் கல்லூரியின் ஓர் அறையில் அவர் சேர்த்துவைத்த புலமையே பல்கலைக்கழகத்தில் ஒரு துறையை நடத்தப் போதுமானதாக இருந்தது. ஆனால் அந்தப் புலமை விளைந்த கல்லூரி மட்டும், அதற்குப் பிறகும் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குக் கல்லூரியாகவே வைக்கப்பட்டிருந்தது.

விடுதலை பெற்ற 1957இல் அதன் பெயர் மலாயில் ‘மக்தாப் பெர்குருவான் சுல்தான் இட்ரிஸ்’ (சுல்தான் இட்ரிஸ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி) என்றானது. தேசிய மொழிவழிப் பள்ளிகள் பெருகின. ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டார்கள். கல்லூரி அவர்களைப் பயிற்றுவித்து அனுப்பிக்கொண்டே இருந்தது. ஆண்களுக்கென்றே இருந்த அந்த வளாகத்தில் 1970களின் நடுப்பகுதியில்தான் பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். மலாய்ப் பெண் ஆசிரியர்களுக்கு 1935 முதல் மலாக்காவில் தனிக் கல்லூரி இருந்தது. 1987இல் ‘மக்தாப்’ (கல்லூரி) என்பது ‘இன்ஸ்டிடியூட்’ (கழகம்) என உயர்ந்தது. இந்த முப்பது ஆண்டுகளில் பாடத்திட்டம், தேர்வு, சான்றிதழ், விரிவுரையாளர்களின் பணியிடமாற்றம் ஆகிய அனைத்தும் கல்வி அமைச்சின் கையில்தான் இருந்தன. எதைக் கற்பிப்பது என்று தானே முடிவு செய்ய முடியாத நிறுவனத்தில் ஆய்வு வளர்வது மிகக் கடினம். 1920களில் டுசெக்குக்கும் ஸாபாவுக்கும் ஓரளவு கிடைத்த அந்தச் சுதந்திரம், சொந்த அரசு அமைந்த பிறகு கல்லூரிக்குக் கிடைக்காமல் போனது எனக்கு வருத்தம் தரும் ஒன்று.

1990களில் நிலைமை மாறியது. இடைநிலைப்பள்ளிகளில் பட்டதாரி ஆசிரியர்களே கற்பிக்க வேண்டும் என்ற கொள்கை வலுப்பெற்றது. ஏற்கெனவே இருந்த பல்கலைக்கழகங்களின் கல்வியியல் துறைகளால் மட்டும் அத்தனை பேரை உருவாக்க இயலவில்லை. எனவே 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டத்தின் கீழ் தஞ்சோங் மாலிம் முழுப் பல்கலைக்கழகமாக அறிவிக்கப்பட்டது. பேராக் அரசியார் துவாங்கு பைனுன் அதன் முதல் வேந்தரானார். பெயர்ப்பலகை ஒரே நாளில் மாறிவிடும். உள்ளே மாற வேண்டியவற்றுக்குப் பல ஆண்டுகள் தேவை. பாடத்திட்டத்தைத் தானே வகுக்கும் செனட், தன் பெயரிலேயே வழங்கும் பட்டம், முனைவர் பட்டம் பெற்ற விரிவுரையாளர்கள், முதுநிலை மாணவர்கள், ஆய்விதழ்கள், இவற்றுக்கெல்லாம் ஈடுகொடுக்கும் நூலகம் ஆகியவை படிப்படியாகத்தான் உருவாக முடியும். பழைய வளாகம் போதாமல், ஊருக்கு வெளியே புரோட்டோன் சிட்டி பகுதியில் சுல்தான் அஸ்லான் ஷா வளாகம் என்ற பெரிய வளாகம் எழுந்தது. பழைய வளாகம் சுல்தான் அப்துல் ஜாலில் ஷா பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்குள்ள ‘சுலோ புடிமான்’ கட்டடம் இன்று தேசியக் கல்வி அருங்காட்சியகமாக இருக்கிறது. மலேசியாவில் ஆசிரியப் பணியில் இருப்போர் ஒருமுறையேனும் சென்று பார்க்க வேண்டிய இடம் அது.

இப்படிப்பட்ட உயர்வில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளிலிருந்து வளர்ந்த பல்கலைக்கழகங்கள் உலகெங்கும் உள்ளன. கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 1882இல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியாகத் திறக்கப்பட்ட நிறுவனம், 1919இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தென்கிளையாகி, இன்று யு.சி.எல்.ஏ. என்ற பெயரில் உலகின் பெரும் ஆய்வுப் பல்கலைக்கழகங்களுள் ஒன்றாக விளங்குகிறது. அதன் சாதனைகள் வியக்கத்தக்கவை. ஆயினும் ஆசிரியர் கல்வி அங்கே பல துறைகளுக்கு நடுவே ஒரு சிறு பகுதியாகிவிட்டது. பல்கலைக்கழகத் தரவரிசை ஆய்வுக் கட்டுரைகளை எண்ணுகிறது. ஒரு பயிற்சி ஆசிரியரின் வகுப்பறையில் விரிவுரையாளர் பின்வரிசையில் அமர்ந்து கவனித்துத் திருத்திய நேரத்தை எந்தத் தரவரிசையும் எண்ணுவதில்லை. ஆகவே பல்கலைக்கழகமான பிறகு முதலில் மெலிவது அந்த மேற்பார்வைதான். உப்சி தன் பெயரில் ‘கல்வியியல்’ என்ற சொல்லை இன்றுவரை விடாமல் வைத்திருப்பதையும், தேசியக் குழந்தை வளர்ச்சி ஆய்வு மையத்தைத் தன்னிடத்தில் நடத்துவதையும் நான் மதிக்கிறேன். கணினியியல், நிர்வாகவியல், இசை என்று துறைகள் விரிந்தாலும் பள்ளிக்கூடமே மையம் என்பதை அந்த நிறுவனம் கைவிடக் கூடாது.

நாட்டின் மற்ற ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளுக்கு இந்த வாய்ப்பு அமையவில்லை. அவற்றில் 27 கல்லூரிகள் 2000களின் நடுவில் ஆசிரியர் கல்விக் கழகத்தின் வளாகங்களாக உயர்த்தப்பட்டு, தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கான பட்டப்படிப்பை வழங்கி வருகின்றன; ஆனால் கல்வி அமைச்சின் கீழேயே இயங்குகின்றன. நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் பெரும்பாலும் அங்கேதான் உருவாகிறார்கள்.

இங்கே நம் கதையையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். மலாயாவில் தமிழ்க் கல்வி 1816இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் ஒரு வகுப்பாகத் தொடங்கியது. மலாய்க்காரர்களுக்கு 1878இலேயே பயிற்சிக் கல்லூரி இருந்தது. நமக்கோ, பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சொன்னதே தவிர, அங்கே கற்பிப்பவர் எங்கே பயிற்சி பெறுவார் என்பதை அது கவனிக்கவில்லை. தோட்டப்புறங்களில் கங்காணியும் கிராணி எனப்படும் எழுத்தரும், ஓரளவு எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளியும் ஆசிரியர்களாக நின்றார்கள். அவர்களுடைய உழைப்பை நான் தலைவணங்கிப் போற்றுகிறேன். ஆனால் தஞ்சோங் மாலிமைப் போன்ற, எல்லா மாநிலங்களிலிருந்தும் இளைஞர்களை வரவழைத்து மூன்று ஆண்டுகள் ஒன்றாக வைத்துப் பயிற்றுவிக்கும் தமிழ் ஆசிரியர் கல்லூரி அந்தக் காலத்தில் கட்டப்படவில்லை. அதனுள் தமிழில் நூல் எழுதும் அலுவலகமும் வைக்கப்படவில்லை. பாடநூல்கள் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தன. ரப்பர் மரத்துக்கு நடுவே வாழ்ந்த பிள்ளை, தான் கண்டிராத காவிரியைப் பற்றிப் படித்தது.

இன்று உப்சியில் தமிழ்மொழிக் கல்விக்கான இளங்கலைப் பட்டப்படிப்பு இருக்கிறது. இடைநிலைப்பள்ளிகளில் தமிழ் கற்பிக்கும் பட்டதாரிகள் அங்கிருந்து வருகிறார்கள். ‘வளர்தமிழ்’ என்ற தமிழியல் ஆய்விதழும் அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவருகிறது. மலாய்க் கம்பத்துப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய ஒரு கல்லூரியில் நம் பிள்ளைகள் தமிழில் பட்டம் பெறுவது, 1922இல் யாரும் கற்பனை செய்திருக்க முடியாத வளர்ச்சி. இதனைப் பாதுகாப்பது நம் கடமை. மாணவர் சேர்க்கையில் தமிழ் இடங்கள் நிரம்பாமல் போனால் அந்தப் படிப்பு நிலைப்பது கடினம் என்பதைப் பெற்றோர் உணர வேண்டும்.

அடுத்து நான் எதிர்பார்ப்பது ஒன்றுதான். அந்தத் தமிழ்ப் பிரிவின் அருகே, 1924இல் வைக்கப்பட்டதைப் போன்ற ஓர் எழுத்துக்கூடம் வேண்டும். நாட்டில் உள்ள 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் தமிழில் கற்பிக்கப்படுகின்றன. 2003இல் அவ்விரு பாடங்களும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டுப் பின்னர் மீண்டபோது, ஆசிரியர்கள் கலைச்சொல்லுக்கும் துணைநூலுக்கும் எவ்வளவு திண்டாடினார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்தவன் நான். ஆசிரியர் பயிற்சியும் நூலாக்கமும் ஒரே கூரையின் கீழ் இருந்திருந்தால், பயிற்சி மாணவர் எழுதிய பாடம் மறுவாரமே வகுப்பறையில் சோதிக்கப்பட்டு, குறைகள் நீக்கப்பட்டு, ஆண்டு முடிவதற்குள் அச்சுக்குப் போயிருக்கும். தனிப்பெரும் கட்டடம் இதற்குத் தேவையில்லை. முழுநேரமாக எழுதவும் மொழிபெயர்க்கவும் நான்கைந்து பேர், அவர்களோடு சேர்ந்து உழைக்கும் இறுதியாண்டு மாணவர்கள், முயன்று பார்க்க முன்வரும் சில தமிழ்ப்பள்ளிகள், அச்சுச் செலவை ஏற்க ஒரு சமூக அறக்கட்டளை ஆகியவை இருந்தால் இந்தப் பணியைத் தொடங்கலாம். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்கள் ஒன்றுகூடிப் பல்கலைக்கழகத்திடம் இந்தக் கோரிக்கையை எழுத்து வடிவில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வரைவு எழுதும் வேலைக்கு நான் ஆயத்தமாக இருக்கிறேன்.